‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று எழுதி வாங்குவதை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஏப்ரல் 8 உலக ரோமா தினத்தையொட்டி, ஐரோப்பாவில் ஒடுக்கப்பட்ட சிறுபான்மையினரான ரோமா இனப் பிள்ளைகள் பள்ளிகளில் ஒதுக்கப்படுவதைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சில நாள் கழித்து அதற்கு வந்த வாசகர் கடிதம் ஒன்றை அதைவிடக் கவனமாகப் படித்தேன். ‘நம் ஊர் நரிக்குறவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறது, சோறு போடுகிறது, சீருடை கொடுக்கிறது. பெற்றோரே பிள்ளைகளை நிறுத்திவிட்டுப் பாசிமணி விற்க அழைத்துப் போனால் அரசு என்ன செய்யும்?’ என்று அந்த வாசகர் கேட்டிருந்தார். கெட்ட எண்ணத்தில் கேட்ட கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர்கள்கூட இதையேதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதில் என் மேசைக்கே வந்து போகிறது என்பதால் இந்தக் கடிதம்.

நான் மனு எழுதிப் பிழைப்பவன். வடசென்னையில் ஓர் அரசு அலுவலகத்துக்கு வெளியே, மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பட்டா, குடும்ப அட்டை, முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, சாதிச் சான்று என்று எல்லாவற்றுக்கும் எழுதுகிறேன். காசிமேட்டிலிருந்து மீனவப் பெண்கள் வருவார்கள்; வியாசர்பாடி, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டையிலிருந்து கூலித் தொழிலாளர்கள் வருவார்கள்; மூலக்கொத்தளத்துப் பக்கமிருந்து நடைபாதையில் குடியிருப்பவர்கள் வருவார்கள். நரிக்குறவர் குடும்பங்களும் வரும். இப்போது எல்லாம் கணினி வழி என்றாலும், இ-சேவை மையத்தில் கேட்கும் விவரத்தை எழுதிக்கொண்டு போக ஒரு தாள் தேவைப்படுகிறது. அந்தத் தாளுக்காக என்னிடம் வருகிறார்கள்.

என்னிடம் எழுதக் கேட்கும் கடிதங்களில் ஒன்றை மட்டும் நான் எழுதித் தருவதில்லை. பிள்ளையைப் பள்ளியிலிருந்து ‘என் சொந்த விருப்பத்தின் பேரில்’ நிறுத்திக்கொள்கிறேன் என்று தாயோ தகப்பனோ தலைமையாசிரியருக்குக் கொடுக்கும் கடிதம் அது.

போன கல்வியாண்டில் நடந்ததைச் சொல்கிறேன். மிண்ட் பக்கம் ஊசியும் பாசியும் தலைக்கிளிப்பும் விற்கும் ஒரு தாய், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளோடு வந்தார். கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். நகலின் நகலாக எடுத்தது. ஓரமெல்லாம் கருப்பு விழுந்து, நடுவில் இரண்டு வரி மங்கிப்போயிருந்தது. பெயருக்கும் வகுப்புக்கும் தேதிக்கும் மட்டும் புள்ளிக்கோடு விட்டு, மற்றதெல்லாம் ஆயத்தமாக எழுதப்பட்டிருந்தது. ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில், என் மகன்/மகள் ......... ஐப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன். இதற்குப் பள்ளி நிர்வாகம் எவ்விதத்திலும் பொறுப்பல்ல.’ இதை நல்ல தாளில் எழுதிக் கைநாட்டு வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டேன். டீ.சி. கொடுப்பதற்கு என்றார் அந்தத் தாய். டீ.சி. எதற்கு என்றேன். ‘கொடுத்தால் வேறு பள்ளியில் சேர்க்கலாமாம், அண்ணா’ என்றார். எந்தப் பள்ளி என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிறுமி மேசை ஓரத்தில் மோவாயை வைத்துக்கொண்டு தாளைப் படித்தாள். எழுத்துக் கூட்டித்தான் படித்தாள், ஆனால் தப்பில்லாமல் படித்தாள். ‘நி-றுத்-திக்-கொள்-கிறேன்’ என்ற இடத்தில் நின்றாள். பிறகு தாயின் பக்கம் திரும்பி அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். அந்தத் தாயின் முகம் மாறிப்போனதை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. தாளை என் கையிலிருந்து வாங்கிக் கீழும் மேலுமாகப் பார்த்தார். ‘நான் எப்போது நிறுத்துகிறேன் என்று சொன்னேன்?’ என்று என்னையே கேட்டார்.

படிப்பை நிறுத்தச் சொல்லும் கடிதத்தைத் தாய்க்குப் படித்துக் காட்டியது அந்தப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்த படிப்பு. அந்தப் பெண்ணுக்கு வாசிக்கத் தெரிந்திராவிட்டால், நானும் இல்லாவிட்டால், கட்டை விரல் மையில் நனைந்திருக்கும், காரியம் முடிந்திருக்கும்.

அந்த ஜெராக்ஸ் தாளுக்குப் பதிலாக வேறொரு மனு எழுதினேன். மகளை நிறுத்த விருப்பமில்லை, தொடர்ந்து படிக்க வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியருக்கு. நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும். சிறுமி மறுபடி வகுப்பில் உட்கார்ந்தாள். அந்த மாதிரிக் கடிதத்தை யார் தயாரித்தது, அதுவரை எத்தனை பேரிடம் கைநாட்டு வாங்கினார்கள் என்று இன்றுவரை யாரும் விசாரிக்கவில்லை. அவளுடைய பெரியம்மா மகள், ஒரு வயது மூத்தவள், அதே பள்ளியில் படித்தவள். அந்தப் பெரியம்மா இதே கடிதத்தை எங்கேயோ எழுதி வாங்கி முன்பே கொடுத்துவிட்டார். அந்தப் பெண் இப்போது திருவொற்றியூர் கோயில் வாசலில் கிளிப் அட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். போய்க் கேட்டால், ‘தாயே எழுதிக் கொடுத்திருக்கிறாரே, கோப்பில் இருக்கிறதே’ என்று காட்டுகிறார்கள். அந்த வாசகர் போய்க் கேட்டாலும் அதைத்தான் காட்டுவார்கள். பெற்றோரே நிறுத்திவிட்டார்கள் என்று ஊரெல்லாம் நம்புவதற்கு இப்படித்தான் ஆதாரம் உண்டாகிறது.

ஏன் இப்படி எழுதி வாங்குகிறார்கள் என்பதையும் நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கல்வித்துறையின் எமிஸ் என்ற கணினிப் பதிவில் ஒரு பிள்ளை நீண்ட நாள் வராமல் இருந்தால் தலைமையாசிரியர் மேலே பதில் சொல்ல வேண்டும். மாற்றுச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் அந்தப் பெயர் பள்ளிக் கணக்கிலிருந்து பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். அதன் பிறகு அந்தப் பிள்ளை எங்கே போனாள் என்பது எந்தத் தலைமையாசிரியரின் கவலையும் இல்லை. ஆசிரியர்கள் எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. தன் பையில் சீப்பும் தேங்காய் எண்ணெயும் வைத்திருந்து, காலையில் வரும் பிள்ளைகளுக்குத் தானே தலைவாரிவிட்டு வகுப்புக்கு அனுப்பும் ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். தலையில் பேன் இருக்கிறது, என் மகளுக்குப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள் என்று மற்றப் பெற்றோர் வந்து சத்தம் போட்டபோது, அந்த ஆசிரியை எடுத்த முடிவு அது. இன்னொரு பள்ளியில் அதே புகாருக்கு எடுத்த முடிவு, நான்கு நரிக்குறவர் பிள்ளைகளையும் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியது. பெஞ்சு மாறிய வாரத்திலிருந்து வருகை குறைந்தது. வருகை குறைந்த பிறகு ஜெராக்ஸ் தாள் வந்தது.

வியாபாரத்துக்குப் போவதும் உண்மைதான், மறைக்கவில்லை. ஆவணியில் வேளாங்கண்ணி, கார்த்திகையில் திருவண்ணாமலை, அதையடுத்து சபரிமலை சீசன், தையில் பழனி என்று கூட்டம் கூடும் இடத்துக்குப் போனால்தான் அடுத்த சில மாதங்களுக்கு அரிசி. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக இங்கே பூட்டக்கூடிய கதவு இருக்க வேண்டும்; பலருக்கு அது இல்லை. இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. திருவிழா நடக்கும் ஊரின் பள்ளியில் அந்தச் சில வாரங்கள் பிள்ளையை உட்காரவைக்க வேண்டும், அல்லது இங்கேயே அந்தக் காலத்துக்கு மட்டும் ஒரு விடுதி வேண்டும். இரண்டில் எதையும் இந்தக் குடும்பங்களில் ஒருவரும் கண்டதாக என்னிடம் சொன்னதில்லை.

இனி ரோமா மக்களுக்கு வருகிறேன். என் மகள் சட்டம் படிக்கிறாள். தங்கள் கட்டுரையில் ஒரு வரியில் வந்த செக் நாட்டு வழக்கை அவள் முழுதாகத் தேடி எடுத்துத் தமிழில் எனக்குச் சொன்னாள். ஒஸ்ட்ராவா என்பது அந்த நாட்டின் தொழில் நகரம். அங்கே 1996க்கும் 1999க்கும் இடையில் பதினெட்டு ரோமாப் பிள்ளைகளை, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான தனிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். மற்றப் பிள்ளைகளை மனதில் வைத்துத் தயாரித்த பரிட்சையை இவர்களுக்கும் வைத்து, தேறவில்லை என்று முடிவுகட்டினார்கள். அந்த நகரின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் ரோமாக்கள் 2.26 சதவீதம்தான். ஆனால் அந்தத் தனிப் பள்ளிகளில் அவர்கள் 56 சதவீதம். ரோமாப் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கேதான் படித்தார்கள். மற்றவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அங்கே படித்து வெளியே வந்தால் மேற்கொண்டு போக வழி குறுகிவிடும்.

வழக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. அரசாங்கத்தின் முக்கியமான வாதம் என்ன தெரியுமா? ‘பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.’ என் மகள் இந்த இடத்துக்கு வந்தபோது நான் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டேன். அவர்கள் கையெழுத்துப் போட்டதும் முன்கூட்டியே நிரப்பிவைத்த படிவத்தில்தான். வேறு என்ன வழி இருக்கிறது, இரண்டு பள்ளிகளின் பாடத்திட்டத்துக்கும் என்ன வேறுபாடு என்று அதில் ஒரு விவரமும் இல்லை. 2006இல் முதலில் விசாரித்த அமர்வு அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. குடும்பங்கள் விடவில்லை. 2007 நவம்பர் 13 அன்று பதினேழு நீதிபதிகள் கொண்ட பெரு அமர்வு, பதின்மூன்று பேருக்கு நான்கு பேர் என்ற பெரும்பான்மையில், இது பாகுபாடுதான் என்று தீர்ப்புச் சொன்னது. ஒடுக்கப்பட்ட, படிப்பு வாய்க்காத அந்தப் பெற்றோர் தாம் போடும் கையெழுத்தின் விளைவை முழுதாக அறிந்து போட்டார்கள் என்று ஏற்க முடியாது என்றது. அப்படியே அறிந்து போட்டிருந்தாலும், இனப்பாகுபாட்டுக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையை ஒருவர் எழுதிக் கொடுத்துக் கைவிட முடியாது என்றும் சொன்னது.

அடுத்த ஆண்டே, 2008இல், கிரேக்க நாட்டு வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு வழங்கியது. ஏதென்ஸுக்கு அருகில் உள்ள அஸ்ப்ரோபிர்கோஸ் என்ற ஊர். 2005இல் ரோமாப் பிள்ளைகள் பள்ளிக்கு வரத் தொடங்கியதும் மற்றப் பெற்றோர் வாசலை மறித்துப் போராட்டம் செய்தார்கள். அதன் பிறகு, எங்கள் பிள்ளைகளைத் தனிக் கட்டடத்துக்கு மாற்றிக்கொள்கிறோம் என்று ரோமாப் பெற்றோரிடம் ஒரு கடிதம் வாங்கப்பட்டது. அந்தக் கடிதத்தை எழுதித் தயாரித்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள். பெற்றோர் கையெழுத்து மட்டும் போட்டார்கள். அந்தச் சம்மதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. எங்கோ கிடக்கும் கிரேக்க நாட்டுப் பள்ளிக்கூடத்தில் நடந்த அதே காரியம், வடசென்னையில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கப்படுகிறது.

ரோமாக்களும் நரிக்குறவர்களும் ஒரே வம்சம் என்று சிலர் சொல்வதுண்டு. ரோமாக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதும், அவர்கள் மொழியும் நரிக்குறவர்களின் வாக்ரிபோலியும் இந்தோ-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதும் மொழியறிஞர்கள் ஒப்புக்கொள்வது. அதற்கு மேல் உறவு கொண்டாட எனக்கு ஆதாரம் தெரியாது, தேவையும் இல்லை. உறவாக இருந்தால்தான் அந்தத் தீர்ப்பு நமக்குப் பொருந்தும் என்றில்லை.

வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் அந்தச் செக் தீர்ப்புக்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நம் உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கிறது. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கு, ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் எல்லோரும் அறிந்தது. நடைபாதையில் குடிசை போட எங்களுக்கு அடிப்படை உரிமை எதுவும் இல்லை, அகற்றுவதைத் தடுக்க மாட்டோம் என்று அந்த மக்கள் உயர் நீதிமன்றத்தில் முன்பு ஒப்புக்கொண்டிருந்ததைக் காட்டி, இப்போது பேச்சை மாற்றக் கூடாது என்று மாநகராட்சி வாதிட்டது. அதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசமைப்புச் சட்டம் கொடுத்த உரிமையை யாரும் எழுதிக் கொடுத்தோ வாய்மொழியாகவோ விட்டுக்கொடுத்துவிட முடியாது என்றது. அந்த மக்களுக்கு அந்த வழக்கில் குடிசை மிஞ்சவில்லை என்பது வேறு. மழைக்காலம் முடியும் வரைதான் அவகாசம் கிடைத்தது. ஆனால் இந்தச் சட்டக் கருத்து நிலைத்துவிட்டது. 2002இல் 86ஆவது திருத்தத்தின் மூலம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வி அடிப்படை உரிமை ஆயிற்று. அப்படியானால் ஐந்தாம் வகுப்புச் சிறுமியின் உரிமையை அவள் தாய் எப்படி எழுதிக் கொடுக்க முடியும்? அதுவும் பள்ளிக்கூடமே எழுதித் தந்த தாளில்?

கல்வி உரிமைச் சட்டமே இதற்கு இடம் வைக்கவில்லை. பிள்ளையைச் சேர்ப்பதும் வருகையும் படிப்பு முடிவதும் உறுதி செய்யப்பட வேண்டும் என்று 8ஆம் பிரிவு அரசைக் கட்டுப்படுத்துகிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 10ஆம் பிரிவு. பெற்றோர் விரும்பினால் நிறுத்திக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் ஒரு வரி இல்லை. பிறந்த தேதிச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றும் மறுக்கக் கூடாது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. இதைச் சொன்னால், ‘சட்டம் எங்களுக்குத் தெரியாதா? ஆதார் இல்லாமல் கணினி எடுக்காது’ என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

அந்த வாசகர் மீண்டும் கேட்கலாம், பெற்றோருக்கு அக்கறை இருந்தால் விடாமல் கேட்டிருப்பார்களே என்று. அவருக்கு ஒன்றைக் காட்ட விரும்புகிறேன். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது. பல பத்தாண்டுக் கோரிக்கை. அதற்கு முன் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். அன்றிலிருந்து அந்தச் சான்றிதழுக்காக என்னிடம் வரும் தாய்மார்களைப் பாருங்கள். பழங்குடியினர் சான்றை வட்டாட்சியர் கொடுக்க முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். அதற்கு விசாரணை. விசாரணைக்குப் போனால் தகப்பனாரின் சான்றோ, முன்னோர் படித்த பள்ளியின் பதிவோ கேட்கிறார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்க விடாத ஒரு தலைமுறையின் பள்ளிச் சான்றிதழை எங்கிருந்து கொண்டுவருவது? அப்படியிருந்தும் வருகிறார்கள். அன்றைக்கு விற்க வேண்டிய பாசியைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்து வெயிலில் நிற்கிறார்கள். எட்டாம் வகுப்பு வரை சட்டம் காக்கும், அதற்கு மேல் விடுதிக்கும் உதவித்தொகைக்கும் கல்லூரிக்கும் இந்தச் சான்று இருந்தால்தான் முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் விற்பனையை இழந்து அந்த வரிசையில் நிற்பவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை என்று நான் ஒருபோதும் ஒப்ப மாட்டேன்.

நரிக்குறவர்களோடு முடியும் விஷயமும் அல்ல. கால்வாய்க் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே கடிதம்தான். கல்வியாண்டின் நடுவில் வீடு போகிறது. முப்பது கிலோமீட்டர் தள்ளி வீடு கிடைக்கிறது. தினம் வந்து போக முடியாமல் பிள்ளை நின்றால் ‘குடும்பச் சூழ்நிலை, சொந்த விருப்பம்’ என்று பதிவாகிறது. வீட்டை இடித்தவர்கள் பெயர் அந்தக் கடிதத்தில் எங்கும் வராது. எந்தக் குடியிருப்பானாலும் முழு ஆண்டுத் தேர்வு முடியும் முன் கைவைக்கக் கூடாது என்று அரசு ஆணையிட வேண்டும். இதைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுத வேண்டும்.

கல்வித்துறையிடம் நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை நிறுத்துவதாகப் பெற்றோரிடம் எந்தக் கடிதமும் எந்தப் பள்ளியும் வாங்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும். பிள்ளை வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்பதைத் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போய் விசாரித்துத் தம் கையால் எழுதட்டும். பெஞ்சு மாற்றியதால் என்றால் அதை எழுதட்டும். திருவிழா வியாபாரம் என்றால் அதை எழுதட்டும். வீடு இடிக்கப்பட்டது என்றால் அதையும் எழுதட்டும். உண்மைக் காரணம் பதிவானால்தான் அதைச் சரிசெய்ய யாருக்காவது பொறுப்பு வரும். அடுத்த பள்ளி எது என்று தெரிந்து, அங்கே இடம் உறுதியான பிறகே மாற்றுச் சான்றிதழ் கையில் கொடுக்கப்பட வேண்டும். நரிக்குறவர் குடியிருப்புகளில் அவர்கள் மொழி தெரிந்த, பத்தாவது பன்னிரண்டாவது படித்த இளைஞர்கள் இன்று இருக்கிறார்கள். பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையில் அவர்களில் ஒருவரைச் சம்பளத்தோடு அமர்த்தினால், படித்துக் காட்ட ஆள் இல்லாமல் எந்தத் தாயும் விரலை மையில் வைக்க வேண்டியிருக்காது. சான்றிதழ் விசாரணைக்கும் கோட்டாட்சியர் அலுவலகம் அவர்கள் குடியிருப்புக்கு வந்து முகாம் போடட்டும்.

இதைவிட அவசரம், ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் கடிதங்கள். அவை பள்ளிகளின் கோப்புகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் வகுப்பும் தேதியும் இருக்கின்றன. அவற்றை எடுத்து, அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே என்று தேடிப் போனால், பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு கணக்கெடுப்பே வேண்டாம். வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி கொடுக்க அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு இருக்கிறது. திருவொற்றியூர் கோயில் வாசலில் நிற்கும் பெண்ணுக்கு இன்னும் பதினான்கு ஆகவில்லை.

தங்கள் நாளிதழை டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் படிப்பவர்கள் நிறைய. ஆகையால் நான் எழுதிக் கொடுக்கும் மனுவின் வாசகத்தைக் கீழே தருகிறேன். இடம் இருந்தால் அப்படியே வெளியிடுங்கள். படித்தவர்கள் யாராவது, எழுதத் தெரியாத தாய் ஒருவருக்கு இதைப் பார்த்து எழுதிக் கொடுக்கலாம். எழுதியதை அவருக்கு ஒரு முறை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுப் பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

‘பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள். ஐயா/அம்மா, என் மகன்/மகள் ......... தங்கள் பள்ளியில் ......ஆம் வகுப்பில் படித்துவருகிறார். அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்த எனக்கு விருப்பம் இல்லை. இதற்கு மாறாக என் பெயரில் ஏதேனும் கடிதம் பெறப்பட்டிருந்தால் அதை நான் திரும்பப் பெறுகிறேன். அவர் பள்ளிக்கு வர இயலாத நாட்களுக்குக் காரணம் ......... . கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவுகள் 8, 9இன்படி அவர் தொடர்ந்து படிக்க ஆவன செய்யுமாறும், விட்டுப்போன பாடங்களுக்குப் பயிற்சி அளிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இம்மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை அளிக்க வேண்டுகிறேன். நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், சென்னை, தமிழ்நாடு குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம்.’

இந்த மனுவுக்கு நான் பணம் வாங்குவதில்லை.

இப்படிக்கு,
மனு எழுதும் வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை - 21.